யார் ஜாடை என்று ஒருவரும் கேட்கவில்லை

கர்த்தர் எனக்குச் செய்த நன்மையைச் சொல்வதற்கு முன்னால், நடந்த துயரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நடுவில் அழுகை வந்து எழுத்து நின்றுவிடும்.

போன ஆடி மாதம். எனக்கு ஒன்பதாவது மாதம். ஒரு நாள் காலையில் எழுந்தபோது வயிற்றில் பிள்ளையின் அசைவு இல்லை. தண்ணீர் குடித்தேன். ஒருக்களித்துப் படுத்தேன். வயிற்றைத் தட்டிக் கூப்பிட்டேன். அசையவில்லை. விழுப்புரத்தில் உள்ள ஓர் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. மறுநாள் என் மகன் பிறந்தான். அழவில்லை.

நர்ஸ் கேட்டார்: "கொழந்தைய பாக்கறீங்களாம்மா?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் மாமியார் குறுக்கே வந்துவிட்டார். "வேணாம்மா. பாத்துட்டா மறக்கவே மாட்டா. கண்ணுலயே நின்னுகினு இருக்கும்."

எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் இது வழக்கம். இறந்து பிறந்த பிள்ளையைத் தாய்க்குக் காட்ட மாட்டார்கள். அடக்கத்துக்கும் கூட்டிப் போக மாட்டார்கள். மாமியார் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. என்மேல் உள்ள பாசத்தில்தான் சொன்னார். வாயாடி என்று திண்டிவனம் முழுக்கப் பெயர் எடுத்த எனக்கு அன்றைக்கென்று பார்த்து வாய் எழவில்லை. என் கணவர் சாமுவேல் பிள்ளையைத் துணியில் சுற்றி வாங்கிக்கொண்டு போனார். திண்டிவனத்தில் எங்கள் சபைக் கல்லறையில் அடக்கம் பண்ணிவிட்டு, சாயங்காலம் வெறுங்கையோடு வந்து என் கட்டில் பக்கத்தில் நின்றார். எனக்குத் தெரிந்ததெல்லாம் அது ஆண் பிள்ளை என்பது மட்டும்தான். ஒன்பது மாதம் சுமந்தவளுக்கு அவன் முகம் தெரியாது.

அதற்குப் பிறகு ஆறுதல் சொல்ல ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

என் பெயர் எஸ்தர். பஸ் நிலையத்துக்குப் பின்னால் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். திண்டிவனத்தில் பாதிப் பெண்களுடைய ரவிக்கை அளவு எனக்குத் தெரியும் என்பதால், அந்தப் பாதிப் பெண்களும் வந்தார்கள். என் கணவர் குட்டியானை ஓட்டுகிறார். இதைப் படிக்கிற வெளியூர் விசுவாசிகள் பயப்பட வேண்டாம், அது சின்ன லோடு வண்டி. அவருடைய டிரைவர் நண்பர்களும் வந்தார்கள். சபையார் அத்தனை பேரும் வந்தார்கள். வந்தவர்கள் யாரும் சும்மா இருக்கவில்லை. அதுதான் பிரச்சினை.

ஒரு சிஸ்டர், ஆண்டவர் தம்முடைய தோட்டத்துக்கு ஒரு பூவைப் பறித்துக்கொண்டார் என்றார். "அவ்ளோ பெரிய தோட்டக்காரருக்கு எங்க வூட்டுச் செடிதானா கெடைச்சிது?" என்று கேட்டேன். அவர் காபியைக் குடித்துவிட்டுப் போனார். இன்னொரு அம்மா, அவர்கள் வீட்டுப் பசுவுக்கும் இதே மாதிரிதான் ஆனது, அடுத்த ஈற்றில் இரட்டைக் கன்று போட்டது என்றார். அந்தப் பசுவின் சாட்சியைக் கேட்டு நான் பெலப்பட வேண்டும் என்பது அவருடைய எண்ணம். ஒருவர் வாழைப்பழச் சீப்போடு வந்தார். துக்கம் தாங்காமல், பேசிக்கொண்டே பாதியை அவரே சாப்பிட்டார். எல்லோரும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து முடித்தார்கள்: "கவலப்படாத, அடுத்த வருஷம் ஒண்ணு பொறக்கும்." எனக்கு அடுத்தது வேண்டாம். வந்துபோன பிள்ளையைப் பற்றி ஒருவராவது ஒரு வார்த்தை கேட்கமாட்டார்களா என்று இருந்தது. வயதான ஒரு ஆன்ட்டி மட்டும் வந்து உட்கார்ந்த உடனே நாற்காலியில் தூங்கிவிட்டார். வந்தவர்களில் எனக்கு ரொம்ப ஆறுதலாக இருந்தவர் அவர்தான்.

என் கணவரோ வேறு விதம். அவர் பேசவே இல்லை. பிள்ளையைப் பார்த்த ஒரே ஆள் அவர். "ஏங்க, கொழந்த எப்படி இருந்தான்?" என்று கேட்டால், "வண்டிக்கு ஆயில் மாத்தணும்" என்று எழுந்து போய்விடுவார். இன்னொரு நாள் கேட்டால் பிரேக்கில் ஏதோ சத்தம் வரும். மறுபடி கேட்டால் கிளட்சு. அந்த மாதம் எங்கள் வண்டிக்கு நடந்த பராமரிப்பு வாங்கிய நாளிலிருந்து நடந்ததில்லை. என்னிடம் முகத்தைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது, திறந்தால் நான் தாங்கமாட்டேன் என்று அவருடைய அம்மா அவரிடம் சத்தியம் வாங்கியிருந்தார். இது எனக்குப் பிறகுதான் தெரியும்.

ஒரு நாள் கதவைச் சாத்திக்கொண்டு முழங்காலில் நின்றேன். அழகான ஜெபமெல்லாம் வரவில்லை. "ஆண்டவரே, ஆறுதல் சொல்ல வர்ற அத்தனை பேரையும் ஆசீர்வதியும். ஆசீர்வதிச்சு அவங்கவங்க வூட்லயே வெச்சிக்கோங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம். எம்புள்ள மூஞ்சி எப்படி இருந்துதுன்னு மட்டும் யாராவது எனக்கு சொல்லணும்." இவ்வளவுதான் என் ஜெபம். ஆமென் சொல்லிவிட்டு எழுந்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு ஒரு போன் வந்தது. அதைப் பதில் என்று அப்போது நான் நினைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் எனக்கு அடுத்த கட்டிலில் படுத்திருந்தவர் செல்வி அக்கா. விழுப்புரம் பக்கத்தில் கெடார். மல்லாட்டையும், அதாவது வேர்க்கடலையும், கரும்பும் பயிர் வைக்கிற வீடு. அவருக்கும் அதே வாரத்தில் பெண் பிள்ளை பிறந்து இறந்துபோனது. வார்டு முழுக்கப் பிள்ளைகள் அழுதுகொண்டிருக்க, நாங்கள் இரண்டு பேரும் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தோம். பேசிக்கொண்டது கொஞ்சம்தான், ஆனால் போன் நம்பர் மாற்றிக்கொண்டோம்.

"எஸ்தரு, பால் கட்டிகினுச்சா?" என்றார் செல்வி அக்கா. நலம் விசாரிப்பு ஒன்றும் கிடையாது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆமாம், பால் கட்டியிருந்தது. மார்பு கல்லாகக் கனத்து, கையை உயர்த்த முடியாத வலி. குடிக்கப் பிள்ளை இல்லை என்பது பாலுக்குத் தெரியவில்லை. இதை யாரிடம் சொல்வது என்று வெட்கப்பட்டுக்கொண்டு சால்வையைப் போர்த்தி உட்கார்ந்திருந்தேன். ஆறுதல் சொன்ன அத்தனை பேரில் ஒருவரும் இதை மட்டும் கேட்கவில்லை.

"எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு, ஒரே பேஜாரு. மல்லிப்பூ வெச்சு கட்டு. தொடுத்த பூ வேணாம், உதிரிப் பூ. ரெண்டு பக்கமும் நெறைய வெச்சு துணியால கட்டிக்கோ. வாடுனா மாத்து. பால் வத்திப்பூடும். காச்சல் கீச்சல் வந்தா ஜல்தியா டாக்டரு கிட்ட ஓடிடு." அப்புறம் கேட்டார்: "உம்புள்ள எப்படி இருந்தான்?"

"நான் பாக்கலக்கா" என்றேன்.

"நான் கத்துன கத்துல எனக்கு காட்டிட்டாங்க" என்றார். "உனுக்கு காட்டலியா? அடப் பாவமே." அவர் அழுதார். நானும் அழுதேன். இரண்டு பேரும் சமாதானம் சொல்லிக்கொள்ளவில்லை. பிறகு அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று போனை வைத்துவிட்டார். அத்தனை நாளில் அன்றைக்குத்தான் எனக்குப் பசித்தது.

இங்கே எங்கள் சபையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நாங்கள் பூ வைப்பதில்லை. நகை போடுவதில்லை. இரட்சிக்கப்பட்ட நாளிலிருந்து எங்கள் வீட்டுக்குள் ஒரு முழம் பூ வந்தது கிடையாது. என் கணவருக்குப் பூக்கடை எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. அப்படிப்பட்டவரை உதிரி மல்லி வாங்கிவரச் சொன்னேன். எதற்கு என்று கேட்டார். சொன்னேன். காது வரைக்கும் சிவந்துபோய், மறு பேச்சில்லாமல் கிளம்பினார்.

பூக்கார அம்மாவிடம் நடந்ததை அவரே பிறகு என்னிடம் சொன்னார்.

"எத்தினி மொழம் சார்?"

"மொழம் வேணாம். கட்டாத பூ."

"சாமிக்கா?"

"இல்லம்மா."

"கல்யாணமா? காதுகுத்தா?"

"இல்ல."

"பின்ன இன்னாத்துக்கு சார் இத்தினி பூவு?"

அவருக்குப் பொய் சொல்ல வராது. உண்மையும் சொல்ல வரவில்லை. நின்றுகொண்டே இருந்திருக்கிறார். அந்த அம்மா முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாரோ, மேற்கொண்டு கேட்காமல் அளந்து, மேலே இன்னொரு கை அள்ளிப் போட்டுக் கொடுத்தாராம். என் கணவர் பையை ஹெல்மெட்டுக்குள் திணித்து, ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரும்பியிருக்கிறார். திரும்பினால் எதிரே பாண்டிச்சேரி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தவர் எங்கள் சபை மூப்பர் தேவசகாயம் ஐயா.

மூப்பர் ஐயா ரொம்ப பக்தியுள்ளவர். எந்த வீட்டில் எந்த ஜன்னல் வழியாக உலகம் உள்ளே நுழைகிறது என்று கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரர். "பிரைஸ் தி லார்டு பிரதர்" என்றாராம், ஹெல்மெட்டைப் பார்த்துக்கொண்டே. என் கணவரும் "பிரைஸ் தி லார்டு" சொல்லிவிட்டு, ஹெல்மெட் போடாமல் பைக்கை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

ரெண்டு நாளில் எங்கள் வீடு முழுக்க மல்லிகை வாசம். வெளியே தெருமுனை வரைக்கும் வாசம். பக்கத்து வீட்டுக்காரர்கள் எங்கள் வீட்டைத் தாண்டும்போது மூச்சை இழுத்துக்கொண்டு போனார்கள். எனக்கு வலி குறைய ஆரம்பித்திருந்தது. சபையில் மட்டும் ஒரு பேச்சு ஏறிக்கொண்டே போனது: பிள்ளை போன துக்கத்தில் எஸ்தர் சிஸ்டர் விசுவாசத்திலிருந்து பின்வாங்கிப் போனாள், பூ வைக்க ஆரம்பித்துவிட்டாள்.

ஒரு மத்தியானம் பாஸ்டர் ஐயா, பாஸ்டரம்மா, மூப்பர் ஐயா மூன்று பேரும் வீட்டுக்கு வந்தார்கள். பாஸ்டர் ஐயா நல்ல மனுஷர், பக்குவமாகப் பேச ஆரம்பித்தார். மழையைப் பற்றிப் பேசினார். மேம்பாலத்து டிராபிக்கைப் பற்றிப் பேசினார். மூப்பர் ஐயா மட்டும் என் தலையைப் பின்பக்கமாகப் பார்ப்பதற்குக் கழுத்தை வளைத்துக்கொண்டே இருந்தார். கொண்டையில் ஒன்றும் இல்லை. அவருக்குக் குழப்பம் அதிகமானது. கடைசியில் எழுந்து நின்று, கண்ணை மூடி, கையைத் தூக்கிவிட்டார்.

"ஆண்டவரே, இந்த வீட்டுக்குள் புகுந்திருக்கிற உலகத்தின் வாசனையை…"

எனக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, கொஞ்சம் கண்ணத் தொறங்க. பூ தலையில இல்ல."

"பின்ன எங்கம்மா இருக்கு? வாசம் வருதே!"

என் கணவர் "எஸ்தர், எஸ்தர்" என்று என் புடவைத் தலைப்பை இழுத்தார்.

"ரவிக்கைக்குள்ள இருக்கு ஐயா. பால் வத்தறதுக்கு கட்டிகினு இருக்கேன். புள்ள செத்துப்போனா பாலும் கூடவே போயிடாது. இது ஒங்களுக்கு யாரும் சொல்லலியா?"

மூப்பர் ஐயா மின்விசிறியைப் பார்த்தார். தூக்கிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல், விசிறியின் வேகத்தைச் சோதிக்கிற மாதிரி அப்படியே வைத்திருந்தார். பாஸ்டர் ஐயா ஜெபம் பண்ணினார். எங்கள் பாஸ்டர் ஐயாவின் ஜெபத்தில் சோறு வடித்து இறக்கிவிடலாம், அவ்வளவு நீளம். அன்றைக்கு "பெலப்படுத்தும், ஆமென்" அவ்வளவுதான். இரண்டு பேரும் வாசலுக்குப் பாய்ந்த வேகத்தில் மூப்பர் ஐயா ஒரு காலில் தன் செருப்பும் இன்னொரு காலில் என் கணவருடைய செருப்புமாகப் போய்விட்டார். இதில் என் கணவருடையது ரப்பர் செருப்பு, நீல வார்.

பாஸ்டரம்மா போகவில்லை. "நீங்க முன்ன போங்க. நான் கொஞ்ச நேரம் இருந்துட்டு வரேன்" என்று உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டார்.

பாஸ்டரம்மா அதிகம் பேசாதவர். சபையில் அவர் குரலைக் கேட்பதென்றால் பாட்டில்தான் கேட்க வேண்டும். அன்றைக்கு அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து, மூக்கை உறிஞ்சினார். வாசத்துக்கு என்று நினைத்தேன். அழுதுகொண்டிருந்தார்.

"எனக்கும் ஒரு பொண்ணு இருந்தா எஸ்தர். வளவனூர்ல ஊழியம் பண்ணிகினு இருந்தப்போ. பசங்க ரெண்டு பேருக்கும் முன்னாடி. அப்ப எனக்கு பூ வெச்சு கட்டலாம்னு சொல்ல ஒரு ஆள் இல்ல. சுவத்துல தலைய முட்டிகினு நின்னேன். ஊழியக்காரன் பொண்டாட்டி அழுதா சபை என்னாகும்னு சொல்லிட்டாங்க. அதோட மூடிட்டேன்."

"மூஞ்சி பாத்தீங்களாம்மா?"

"பாத்தேன். தல நெறைய முடி." சொல்லிவிட்டு அவர் திடீரென்று சிரித்தார். "பாஸ்டரு அப்பவே வழுக்க. அவருக்கு இருக்க வேண்டிய முடியெல்லாம் சேத்து அவளுக்கு இருந்துச்சு." இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். பிறகு அழுதோம். பிறகு மறுபடியும் சிரித்தோம். அவருடைய மகளைப் பற்றி இத்தனை வருஷத்தில் ஒருவரும் கேட்டதில்லையாம். இதையெல்லாம் அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன். வழுக்கை விஷயத்துக்குப் பாஸ்டர் ஐயாவிடமும் அனுமதி வாங்கிவிட்டேன்.

அப்படித்தான் எங்கள் கூட்டம் ஆரம்பித்தது. கூட்டம் என்றால் மைக்கும் பந்தலும் இல்லை. என் தையல் கடையில் மத்தியானம் வாடிக்கையாளர் வராத நேரத்தில் நான், பாஸ்டரம்மா, கெடாரிலிருந்து செல்வி அக்கா. செல்வி அக்கா எங்கள் சபை கிடையாது, விசுவாசியும் கிடையாது. நெற்றியில் குங்குமத்தோடு வருவார். நாங்கள் ஜெபம் பண்ணும்போது அவரும் கையைக் கூப்பிக்கொள்வார். "யாரு கேட்டா இன்னா, கேக்கட்டும்" என்பார். ஒவ்வொரு முறையும் ஒரு பை நிறைய வேகவைத்த மல்லாட்டை கொண்டுவருவார். பேசுவோம், உரிப்போம், சாப்பிடுவோம். பாஸ்டரம்மா காதும் காதும் வைத்தாற்போல் சொல்லி, இன்னும் சில பெண்கள் வந்தார்கள். ஒருத்தி வந்து முதல் நாள் முழுக்க ஒரு வார்த்தையும் பேசாமல் மல்லாட்டை மட்டும் உரித்துவிட்டுப் போனாள். மறுமுறையும் வந்தாள்.

எங்களுக்கு ஒரே ஒரு சட்டம். "அடுத்தது" என்ற பேச்சு கூடாது. அடுத்த பிள்ளை, அடுத்த வருஷம் என்று யார் சொன்னாலும் அவர் அன்றைக்கு எல்லோருக்கும் மல்லாட்டை உரிக்க வேண்டும். ஒரு நாள் பாஸ்டர் ஐயாவே எங்களுக்காக ஜெபிக்க வந்து, உற்சாகத்தில் "அடுத்த வருஷம் இதே நேரம்" என்று ஆரம்பித்துவிட்டார். செல்வி அக்கா முறத்தை அவர் முன்னால் நகர்த்தினார். ஐயா வெள்ளைச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்து முழுவதையும் உரித்தார். அன்றிலிருந்து அவர் ஜெபத்தில் ஒரு ஜாக்கிரதை தெரிகிறது.

எனக்கு மனசு கொஞ்சம் லேசானது உண்மை. ஆனால் நான் கேட்ட ஜெபம் அப்படியே கிடந்தது. மற்றவர்கள் தங்கள் பிள்ளையின் விரலைப் பற்றி, முடியைப் பற்றிச் சொல்லும்போது நான் தையல் மிஷினைத் துடைக்க ஆரம்பித்துவிடுவேன். எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டால் வண்டிக்கு வீல் அலைன்மென்ட்.

செல்வி அக்காவைப் பைக்கில் கூட்டிவருவது அவருடைய வீட்டுக்காரர் முருகன் அண்ணன். பெண்கள் பேசுகிற இடத்தில் தான் எதற்கு என்று கடைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார். லோடு இல்லாத நாளில் என் கணவரும் துணைக்கு உட்காருவார். நடுவில் என் கடையின் திரை மட்டும்தான். அவர்கள் பேசுவது எங்களுக்கு நன்றாகக் கேட்கும். கேட்பதற்கு ஒன்றும் இருக்காது. முதல் நாள் டீசலைப் பற்றிப் பேசினார்கள். அப்புறம் மைலேஜ். அப்புறம் டயர். புது டயர் நல்லதா, ரீட்ரெட் பண்ணிய டயர் போதுமா என்பதை ஆராய்ந்து முடிக்க அவர்களுக்குப் பல வாரம் ஆனது. இரண்டு பேரும் பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்தவர்கள் என்று வழியில் போகிறவர் யாரும் சொல்லமாட்டார்கள்.

புரட்டாசி மாதத்தில் ஒரு மத்தியானம். அவர்களுக்குப் பேச்சு தீர்ந்துபோனது. டயர் முடிந்தது, பம்புசெட் முடிந்தது, மழை வருமா வராதா அதுவும் முடிந்தது. வேறு கேட்க ஒன்றும் இல்லாமல்தான் முருகன் அண்ணன் அதைக் கேட்டார் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். பிள்ளை பிறந்த எந்த வீட்டிலும் எவரும் முதலில் கேட்கிற கேள்வி. எங்கள் வீட்டில் மட்டும் ஒருவரும் கேட்காத கேள்வி.

"ஏந்தம்பி, உம்புள்ள யாரு ஜாடை?"

நான் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன். உள்ளே எல்லோரும் மல்லாட்டையை மெல்வதை நிறுத்தினோம். இப்போது எழுந்து ஆயில் மாற்றப் போய்விடுவார் என்று நினைத்தேன். பெஞ்சு கிறீச்சிட்டது. ஆனால் அவர் போகவில்லை.

"எங்க மாமனாரு ஜாடைண்ணா" என்றார் என் கணவர்.

என் அப்பாவையும் என் கணவரையும் பற்றி இங்கே சொல்ல வேண்டும். எங்கள் கல்யாண விருந்தில் மட்டன் பிரியாணி பாதிப் பந்தியில் தீர்ந்துபோனது. மாப்பிள்ளை வீட்டார் சொன்னதைவிட அதிகம் பேர் வந்தார்கள் என்று அப்பா. பெண் வீட்டார் ஆட்டை எண்ணிப் போட்டார்கள் என்று இவர். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அப்பாவுக்கு மூக்கு பெரிதாக, நுனி கொஞ்சம் மடங்கியிருக்கும். இவர் கோபம் வந்தால் அந்த மூக்கைத்தான் முதலில் திட்டுவார்.

"அப்படியே அவரு மூக்குதாண்ணா. சின்னதா, நுனி மடங்கி. புருவத்த சுளிச்சுகினு, யாரையோ மொறைக்கிற மாதிரி இருந்தான். எனக்கு அழுகையோட அழுகையா சிரிப்பு வந்துடுச்சு. ஒன்னோட தாத்தா என்னை மொறைக்கிறது போதாதாடா, நீயும் வந்துட்டியான்னு கேட்டேன். காது மட்டும் எஸ்தர் காது. முடி சுருட்ட."

என் கணவர் தானாகவே சொல்லிக்கொண்டே போனார்.

"வேற ஆளை வண்டி ஓட்டச் சொல்லிட்டு நான் அவன மடியில வெச்சுகினு வந்தேண்ணா. விழுப்புரத்துலருந்து திண்டிவனம் வரைக்கும் அவன்கிட்ட பேசிகினே வந்தேன். இன்னா பண்றது, அவன் பாக்கப்போற ரோடு அது ஒண்ணுதானே. விக்கிரவாண்டி டோல்கேட்ட காட்னேன். அப்பா தெனமும் நிக்கிற எடம்டா இதுன்னு. மல்லாட்டை கொல்லய காட்னேன். எங்க கல்யாண மண்டபம் வந்துது. இங்கதாண்டா ஒங்க தாத்தா பிரியாணிய கம்மியா போட்டாருன்னு சொன்னேன். ஊரு வந்ததும் சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல. மொகத்த தொடச்சு முத்தம் குடுத்தேன். கன்னம் மெத்துனு இருந்துதுண்ணா."

அதற்கு மேல் அவரால் முடியவில்லை. குட்டியானையைத் தனியாளாகத் தள்ளுகிற மனிதர் பெஞ்சில் குனிந்து சத்தமாக அழுதார். முருகன் அண்ணன் அவர் தோள்மேல் கையைப் போட்டுக்கொண்டு, "எம்மவளுக்கு வெரலு நீளம்பா" என்றார். அவரும் அழுதார்.

நான் திரையை விலக்கிக்கொண்டு ஓடினேன். கழுத்தில் இஞ்ச் டேப், மடியெல்லாம் மல்லாட்டைத் தொலி. என்னைப் பார்த்ததும் அவர் திருடிவிட்டு மாட்டிக்கொண்டவர் மாதிரி எழுந்தார். "அம்மா சொல்லக் கூடாதுன்னாங்க எஸ்தர். நீ தாங்க மாட்டேன்னாங்க."

"மூக்குலருந்து ஆரம்பிங்க" என்றேன். "மறுபடியும் சொல்லுங்க. ஒண்ணும் விடாதீங்க."

அவர் சொன்னார். மூக்கு, புருவம், காது, முடி, கன்னம், டோல்கேட், மண்டபம் எல்லாம் சொன்னார். பஸ் நிலையத்துக்குப் பின்னால், போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்க்க, நான் என் மகனின் முகத்தைப் பார்த்தேன். சகோதர சகோதரிகளே, நான் தாங்கினேன். தாங்க மாட்டேன் என்று சொன்னவர்கள் எல்லோருக்கும் சொல்கிறேன், நன்றாகத் தாங்கினேன். தெரியாமல் இருந்ததைத்தான் என்னால் தாங்க முடியாமல் இருந்தது.

என் அப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். கேட்டுவிட்டு அவர் போனை வைத்துவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக எங்கள் வாசலில் வந்து நின்றார். கையில் பெரிய தூக்கு நிறைய மட்டன் பிரியாணி. என் கணவரைப் பார்த்து, "என் ஜாடையாமே?" என்று கேட்டார். "ஆமா மாமா" என்றார் இவர். அவ்வளவுதான் பேசினார்கள். அப்பா சாப்பிடும்போது நடுநடுவே தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். என் மாமியார் அவருக்கு இன்னொரு கரண்டி வைத்தார். பிறகு அடுப்படிக்கு வந்து, "எனக்கு தெரியாமப் போச்சு எஸ்தரு. நல்லதுன்னு நெனச்சேன்" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

இப்போது எங்கள் கூட்டம் திண்டிவனத்தில் ஒரு முறை, விழுப்புரத்தில் ஒரு முறை என்று மாறி மாறி நடக்கிறது. விழுப்புரத்தில் நடந்தால் முருகன் அண்ணன்தான் ஆண்களுக்குப் பொறுப்பு. அவர் இன்னும் டீசலில்தான் ஆரம்பிக்கிறார். அதில் ஆரம்பிக்காவிட்டால் ஆண்கள் பேசமாட்டார்கள் என்கிறார், அது உண்மைதான். ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸம்மா, இப்படிப் பிள்ளையை இழந்த தாய் சம்மதித்தால் எங்களுக்குச் சொல்வார். போவோம். உபதேசம் கிடையாது. பால் கட்டியிருக்கிறதா என்று கேட்போம், பக்கத்தில் உட்காருவோம், பிள்ளையைப் பற்றிச் சொன்னால் கேட்போம். போன மாதம் ஒரு பெண்ணுக்கு அவசரமாகப் பூ தேவைப்பட்டது. என் கணவர் ஊரில் இல்லை. மூப்பர் ஐயாவே போய் உதிரி மல்லி வாங்கிவந்து கொடுத்தார். கையை நீட்டியபடி முகத்தை மட்டும் மின்கம்பத்தின் பக்கம் திருப்பிக்கொண்டார். கர்த்தர் அவரிடத்திலும் கிரியை செய்கிறார்.

இந்தச் சாட்சியை எழுதப் போகிறேன் என்றதும் பாஸ்டர் ஐயா கொஞ்சம் தயங்கினார். "இப்பவே எழுதணுமாம்மா? கொஞ்சம் பொறுத்து, கர்த்தர் கர்ப்பத்தின் கனியைக் கொடுத்த பிறகு எழுதினால் சாட்சி முழுமையாக இருக்குமே" என்றார்.

"ஐயா, எனக்கு ஏற்கெனவே ஒரு புள்ள இருக்கான்" என்றேன். "நான் கேட்டதுக்கு பதில் வந்துடுச்சு. இதுக்கு மேல இன்னா முழுமை?"

ஐயா தலையாட்டினார். சட்டைக் கையை மடிக்கிற வேலை வரும் முன் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

இனிமேல் எனக்குப் பிள்ளை பிறக்கலாம், பிறக்காமலும் போகலாம். அது ஆண்டவர் சித்தம். நான் கேட்டது சின்ன ஜெபம். கோபத்தில் கேட்டேன், மரியாதையில்லாமல் கேட்டேன். ஆண்டவர் அதையும் கேட்டார். தேவதூதனை அனுப்பவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்ட நேரமாச்சு என்று போனை வைக்கிற ஒரு அக்காவை அனுப்பினார், பேச்சு தீர்ந்துபோன ஒரு மனிதரை அனுப்பினார். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

இதைப் படிக்கிற யாருக்காவது வீட்டில் பேசாமல் மூடிவைத்த ஒரு பிள்ளை இருந்தால் வாருங்கள். போன மாதம் போன பிள்ளையானாலும் சரி, முப்பது வருஷத்துக்கு முன் போனதானாலும் சரி. எந்தச் சபையானாலும், எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் வாருங்கள். வீட்டுக்காரர் வரமாட்டேன் என்றால் டயரைப் பற்றிப் பேசுவதற்கு என்று சொல்லிக் கூட்டிவாருங்கள். எங்களிடம் அறிவுரை ஒன்றும் கிடைக்காது. உங்கள் பிள்ளையின் முகத்தை நீங்கள் பார்த்திருந்தால் எங்களுக்குச் சொல்லுங்கள், ஆசையாகக் கேட்போம். பார்த்ததில்லை என்றால், பார்த்தவர் யாராவது இருப்பார். அவர் வாயைத் திறக்கும்வரை நாங்கள் உங்களோடு உட்கார்ந்திருப்போம்.